ஏகேபிகே, தன்னார்வ ஏற்பாடு, திவால்: கடனில் சிக்கியவருக்கு எந்தக் கதவு எப்போது திறக்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சம்பளம் வந்துகொண்டிருக்கிறது, கடன் வங்கியில் இருக்கிறது, நீதிமன்றக் கடிதம் இன்னும் வரவில்லை என்றால் மலேசியாவில் போக வேண்டிய இடம் ஏகேபிகே, அதாவது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் ஆலோசனை அமைப்பு. வழக்கு முற்றிவிட்டது, ஆனால் திவால் ஆணை இன்னும் பிறக்கவில்லை என்றால் தன்னார்வ ஏற்பாடு (கடன் கொடுத்த எல்லாரையும் ஒரே கட்டணத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ள வைப்பது) என்று ஒரு வழி இருக்கிறது, கைச்செலவு ஆகும். ஆணையே வந்துவிட்டால் திவால் விவகாரங்களைக் கவனிக்கும் இன்சோல்வென்சி இலாகாவுக்கு நேரே போய்ச் சொத்து விவரத்தைக் கொடுத்துவிட வேண்டும், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 'சிசிரிஸ் (மத்திய வங்கியின் கடன் பதிவேடு) சுத்தம் செய்து தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் எந்தக் கட்டத்திலும் வேண்டாம்.

இந்த நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம். நம் மக்கள் அதிகம் தடுக்கி விழுவது எந்த வழி நல்லது என்பதில் அல்ல, எப்போது போவது என்பதில். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு கடிதத்தில் அச்சாகியிருக்கும். கடிதமோ பிரிக்கப்படாமல் செருப்பு அலமாரி மேல் கிடக்கும்.

ஏகேபிகே

பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய அமைப்பு இது. கடன் ஆலோசனை, கடன் நிர்வாகத் திட்டம் இரண்டுமே இலவசம். பதிவுக் கட்டணம், சேவைக் கட்டணம், 'பைல் திறக்கும்' கட்டணம் என்று எதுவும் கிடையாது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அலுவலகம் உண்டு, இணையம் வழியும் பதிவு செய்யலாம். மலாய் எழுத்து புரியாத பெற்றோர் என்றால் வளர்ந்த பிள்ளை ஒருவர் கூடப் போவது நல்லது. அங்கே கையெழுத்தாகும் தாள்கள் அடுத்த பல ஆண்டு வீட்டுச் செலவைத் தீர்மானிக்கப் போகிறவை.

கடன் அட்டைக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் இந்தத் திட்டம் எதற்கு என்பது விளங்கிவிடும். மலேசியாவில் அட்டை வட்டி ஆண்டுக்கு 15, 17, 18 விழுக்காடு என்று மூன்று படி. ஒழுங்காகக் கட்டுகிறவருக்குக் குறைந்த படி, தவறுகிறவருக்கு 18. மாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை பொதுவாக நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது. 18 விழுக்காட்டுப் படியில், 10,000 ரிங்கிட் நிலுவையில் முதல் மாதம் 500 கட்டினால் ஏறக்குறைய 150 வட்டிக்கே போய்விடும். அட்டையைத் தொடாமல், குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டே வந்தால் நிலுவை 1,000க்கு இறங்க ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். மிச்சமிருக்கும் அந்த ஆயிரத்தை மாதம் 50 வீதம் அடைக்க இன்னும் இரண்டு ஆண்டு. மொத்தம் ஏழு ஆண்டுக்கும் மேல், அதுவும் ஒரே ஒரு அட்டைக்கு. மூன்று அட்டையும் ஒரு தனிநபர் கடனும் வைத்திருப்பவர் 'மாதா மாதம் கட்டிக்கொண்டுதானே வருகிறேன்' என்று சொல்வது உண்மைதான், ஆனாலும் கடன் அசையாது.

திட்டத்தில் சேர இரண்டு அடிப்படைத் தகுதிகள். ஏற்கெனவே திவாலாகியிருக்கக் கூடாது. வாழ்க்கைச் செலவு போகக் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும். இரண்டாவதில்தான் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். வருமானமே செலவுக்குப் பற்றவில்லை என்றால் வங்கியிடம் பேச ஏகேபிகேயிடம் எதுவும் இருக்காது. வேலை போன பிறகு போவதைவிட வேலை ஆட்டம் காணும்போதே போவது நல்லது என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். வழக்கு வெகுதூரம் போய்விட்டாலும் சேர்ப்பது கடினம்.

போகும் முன் இரண்டு அறிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கை. இசிசிரிஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், கடந்த 12 மாதக் கட்டண வரலாறு அதில் இருக்கும். இன்னொன்று சிடோஸ் போன்ற தனியார் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கை. உங்கள் பெயரில் வழக்கு ஏதும் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். இவற்றோடு மைகார்டு (அடையாள அட்டை), கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஒவ்வொரு கடனுக்கும் கடைசி அறிக்கை, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, மின்சாரம் தண்ணீர் வாடகை ரசீதுகள். ஓர் அட்டையை மட்டும் 'அவசரத்துக்கு' மறைத்து வைப்பவர்கள் உண்டு. ஆலோசகர் சிசிரிஸைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார், அதனால் மறைப்பதில் பயனில்லை. சேர்ந்த பிறகு அட்டைகள் எப்படியும் ரத்தாகும்.

இனி வரவு செலவுப் படிவம். இந்தச் சேவையின் உயிர் இந்த ஒரு தாளில் இருக்கிறது, அவசர அவசரமாக நிரப்பப்படுவதும் இதே தாள்தான். செந்தூலில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் 4,200. வாடகை 1,000, சாப்பாடும் மளிகையும் 950, மின்சாரம் தண்ணீர் போன் 300, பெட்ரோல் டோல் 320, பள்ளி பஸ்ஸும் டியூஷனும் 280, கார் தவணை 560. கூட்டினால் 3,410. மீதி 790. அட்டைகளிலும் தனிநபர் கடனிலும் சேர்த்து 38,000 நிலுவை, எல்லாவற்றுக்கும் 5 விழுக்காடு என்று வைத்தாலே மாதம் 1,900 கட்ட வேண்டும். 1,110 துண்டு விழுகிறது. இந்தத் துண்டை அடைக்கத்தான் நான்காவது அட்டை, பிறகு ஆலோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்).

இப்போது அந்த 790ஐ அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஏழாவது எட்டாவது மாதத்தில் திட்டம் உடையும். ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் ஆண்டுக்கு 900, தீபாவளிக்கு 800, பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்கு 700 என்று வைத்தால் 2,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 200. உண்மையில் மிஞ்சுவது 590தான். இந்த 590ஐ வைத்துத்தான் வங்கிகளிடம் பேச வேண்டும். 38,000ஐப் பத்து ஆண்டுக்குப் பரப்பினால் அசல் மட்டும் மாதம் 317 வரும், மீதி 273க்குள் வட்டியை அடக்க இடம் இருக்கிறது. ஆலோசகர் கேட்காவிட்டாலும் ஆண்டுச் செலவை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கோயில் நன்கொடை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் 150 எல்லாம் வெட்கப்படாமல் எழுத வேண்டியவை. எழுதாத செலவு நின்றுவிடுவதில்லை, தவணைப் பணத்திலிருந்து போகும்.

படிவம் முடிந்ததும் ஏகேபிகே ஒரு கட்டண அட்டவணையைத் தயாரித்து வங்கிகளுக்கு அனுப்பும். வட்டியைக் குறைத்து, தவணையை நீட்டுவதுதான் பேரம். வங்கிகள் ஒப்புக்கொள்ளும் வரை பழைய கடமை அப்படியே இருக்கிறது, வசூல் அழைப்புகளும் வந்துகொண்டிருக்கும். 'ஏகேபிகேயில் பெயர் கொடுத்துவிட்டேன்' என்று அந்த இடைப்பட்ட வாரங்களில் கட்டுவதை முழுதாக நிறுத்துவது பெரிய தவறு. முடிந்ததைக் கட்டுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அசல் ஒரு சென்னும் குறையாது. சிசிரிஸில் நீங்கள் திட்டத்தில் இருப்பது தெரியும், முடியும் வரை புதுக் கடன் கிடைக்காது. அடுத்த ஆண்டு மகனுக்கு வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் அதைத் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஆலோங் கடன், நண்பரிடம் வாங்கியது, கூட்டுச் சீட்டு எதுவும் இதற்குள் வராது. (கூட்டு நடத்துவதைத் தடை செய்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது. அந்தப் பணம் போனால் மீட்டுத் தர அலுவலகம் எதுவும் இல்லை.) கூட்டுறவுக் கடன் சேருமா என்பது அந்தக் கூட்டுறவைப் பொறுத்தது, பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். அட்டவணைப்படி கட்டாமல் தொடர்ந்து தவறினால் திட்டம் ரத்தாகும், வங்கிகள் பழைய வட்டிக்கும் வழக்குக்கும் திரும்பலாம். சம்பளம் குறைந்தால் தவறும் முன்பே போய்ச் சொல்லி அட்டவணையை மாற்றக் கேட்பதுதான் வழி.

இவ்வளவுக்கும் பிறகு, இலவசமாக இத்தனை வங்கிகளோடு ஒரே மேசையில் பேசித் தரும் வேறு சேவை சாதாரணச் சம்பளக்காரருக்கு இங்கே இல்லை. வட்டிக் குறைப்பு ஒன்றே போதும், போய்ப் பார்ப்பதற்கு.

'செட்டில்' செய்து தருகிறோம் என்பவர்கள்

இவர்கள் பேச்சு இனிக்கும். முறை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் உங்கள் சின்னச் சின்னக் கடன்களைத் தங்கள் காசில் அடைத்துவிடுவார்கள். சிசிரிஸ் கொஞ்சம் வெளுத்ததும் உங்கள் பெயரில் பெரிய கடன் ஒன்றுக்கு விண்ணப்பிப்பார்கள். அரசு ஊழியர் என்றால் சம்பளத்திலேயே பிடித்தம் ஆகும் கூட்டுறவுக் கடனாக இருக்கும். பணம் வந்த அன்றே அவர்கள் போட்ட தொகையையும் கட்டணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு மிஞ்சுவது முன்பைவிடப் பெரிய கடன், நீண்ட தவணை, கையில் கொஞ்சம் ரொக்கம். அந்த ரொக்கத்துக்காகத்தான் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். பெரிய கடன் கடைசி நேரத்தில் நிராகரிக்கப்பட்டால் அவர்கள் போட்ட முன்பணம் அப்படியே உங்கள் தலையில் தனியார் கடனாக நிற்கும், அதற்கு வட்டி அவர்கள் சொல்வதுதான்.

சிசிரிஸை யாரும் காசு வாங்கிக்கொண்டு சுத்தம் செய்ய முடியாது. அதில் இருப்பது கடன் கொடுத்த நிறுவனங்கள் அனுப்பும் பதிவு. தவறு இருந்தால் அந்த நிறுவனமே திருத்த வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. ஏகேபிகே பெயரைச் சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்பவரும் ஏகேபிகே ஆள் அல்ல. ஏடிஎம் அட்டையையும் பின் எண்ணையும் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் வேறு ரகம். வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் உரிமம், 1951ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டம், ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, ஈடு உள்ளதற்கு 12 விழுக்காடு உச்சவரம்பு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும், ஒரு படி உங்கள் கைக்கு வர வேண்டும். 5,000க்குக் கையெழுத்து வாங்கி 3,800 மட்டும் கொடுப்பவர் சுவரில் உரிமத்தை மாட்டியிருந்தாலும் சட்டப்படி நடக்கவில்லை. அப்படிப்பட்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடிதம் வந்த பிறகு

வங்கி வழக்குப் போட்டால் முதலில் வருவது ரிட் சம்மன். ஒரு லட்சம் ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம். கையில் கிடைத்த 14 நாளுக்குள் ஆஜராகப் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மறுபேச்சே இல்லாமல் தீர்ப்பு ஆகிவிடும். மலாயில் அதற்கு 'பெங்ஹாக்கிமான் இங்கார்' என்று பெயர். அந்தச் சொற்களைத் தாளில் பார்த்தால் வழக்கில் நீங்கள் இல்லாமலேயே தோற்றுவிட்டீர்கள் என்று அர்த்தம். தொகை தவறு, கட்டியது கழிக்கப்படவில்லை, முகவரி மாறியதால் சம்மனே வரவில்லை என்றால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். தீர்ப்பு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் கெடு. இதற்கு வழக்கறிஞர் வேண்டும்.

பழைய முகவரிப் பிரச்சினையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்தவர் மைகார்டிலும் வங்கியிலும் பட்டர்வொர்த் முகவரியையே வைத்திருப்பார். ஆளைக் காணவில்லை என்றால் நீதிமன்ற அனுமதியோடு கதவில் ஒட்டியோ, நாளிதழில் விளம்பரம் போட்டோ சார்வு செய்துவிடலாம், சட்டத்தின் பார்வையில் அது உங்கள் கையில் கொடுத்ததற்குச் சமம். 'எனக்குக் கடிதமே வரவில்லை' என்று சொல்லும் பலரின் கதை இதுதான். வங்கியில் முகவரியை மாற்றுவது ஒரு நாள் வேலை. தயவுசெய்து செய்துவிடுங்கள்.

திவாலுக்கான ஒரு லட்சம் என்ற எல்லையைப் பற்றி ஒரு தவறான நிம்மதி பரவியிருக்கிறது. ஒருவரைத் திவாலாக்கக் குறைந்தபட்சக் கடன் தொகை 2017 அக்டோபரில் 30,000லிருந்து 50,000 ஆனது. கோவிட் காலத்தில் தற்காலிகமாக ஒரு லட்சம் ஆக்கினார்கள், 2021 செப்டம்பர் 1 முதல் அதுவே நிரந்தரம். 60,000 கடன் பட்டவரை ஒரே வங்கி இப்போது திவாலாக்க முடியாது என்பது சரி. ஆனால் இரண்டு கடன் கொடுத்தவர்கள் சேர்ந்து மனுப் போட்டால் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். தனியாகவும் வங்கிக் கணக்கை முடக்கலாம், பொருளை ஜப்தி செய்யலாம், தீர்ப்புக் கடனாளி சம்மன் அனுப்பி நீதிமன்றத்தில் வருமானத்தை விசாரிக்கலாம். அந்தக் கடைசி ஒன்று பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. சம்பளச் சீட்டோடு போய் மாதம் இவ்வளவுதான் முடியும் என்று காட்டினால் நீதிமன்றம் தவணை ஆணை கொடுக்கலாம். போகாமல் இருந்தால்தான் ஆபத்து.

காரைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு தவணை தொடர்ந்து தவறினால்தான் தவணை முறைக் காரைப் பறிமுதல் செய்ய முடியும், எடுக்கும் முன் 21 நாள் எழுத்து அறிவிப்பு வர வேண்டும். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணை இல்லாமல் தொடக் கூடாது. வாசலில் வந்து சாவியைக் கேட்பவரிடம் உரிம அட்டையைக் காட்டச் சொல்லலாம்.

கடன் ஒரு லட்சத்தைத் தாண்டி, தீர்ப்பும் ஆகிவிட்டால் அடுத்து வருவது 'நோத்திஸ் கெபங்ராப்பான்', அதாவது திவால் அறிவிப்பு. இதற்கு ஏழு நாள்தான். ஏழு நாளில் கட்டியோ, பேசி முடித்தோ, தொகை தவறென்று எழுத்தில் மறுத்தோ ஆக வேண்டும். தொகை கூடுதலாகப் போட்டிருந்தாலும் அந்த ஏழு நாளுக்குள் மறுக்காவிட்டால் பிறகு அதைக் காரணம் காட்ட முடியாது. ஏழு நாள் கடந்தால் சட்டப்படி 'திவால் செயல்' நடந்துவிட்டது, அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கடன் கொடுத்தவர் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம், பினாங்கில் லெபோ லைட்.

தன்னார்வ ஏற்பாடு

2017 திருத்தத்தில் வந்த நல்ல ஏற்பாடு இது, நம் மக்களில் கேள்விப்பட்டவர்களே குறைவு. திவால் ஆணை வரும் முன், பட்டயக் கணக்காளர் அல்லது வழக்கறிஞர் ஒருவரை நியமனதாரராக வைத்துக்கொண்டு 'இவ்வளவு காலத்தில் இவ்வளவு கட்டுகிறேன்' என்று எல்லாக் கடன்காரர்களிடமும் (அதாவது கடன் கொடுத்தவர்களிடமும்) ஒரே திட்டத்தை முன்வைக்கலாம். நீதிமன்றம் இடைக்கால ஆணை கொடுத்தால் 90 நாளுக்கு யாரும் திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. அந்த 90 நாளை நீட்ட முடியாது. அதற்குள் கடன்காரர் கூட்டம் நடந்து, வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவும், அவர்களின் கடன் மதிப்பில் 75 விழுக்காடு ஆதரவும் கிடைக்க வேண்டும். கிடைத்துவிட்டால் எதிர்த்தவரும் கட்டுப்பட வேண்டியதுதான்.

நடைமுறையில் கணக்கு எளிது. ஒரே வங்கிக்கு உங்கள் கடனில் 30 விழுக்காடு இருந்து அது மறுத்தால் போச்சு. அதனால் மனுப் போடும் முன் பெரிய கடன்காரர் யார், அவருக்கு எது போதும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். நியமனதாரர் கட்டணம், நீதிமன்றச் செலவு எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். ஆகவே இது யாருக்குப் பொருந்தும்? உரிமத்தையோ பதவியையோ திவாலால் இழந்துவிடக் கூடியவர்களுக்கு: கணக்காளர், வழக்கறிஞர், நிறுவன இயக்குநர். விற்கக் கூடிய நிலமோ உதவக் கூடிய குடும்பமோ இருப்பவருக்கும் பொருந்தும். மாதம் 300 மட்டுமே மிஞ்சுகிறவருக்கு இது எட்டாது. வழக்கறிஞரிடம் போகும் முன் மொத்தக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள், ஒவ்வொரு நீதிமன்ற நாளுக்கும் தனியா, எல்லாம் சேர்த்தா என்று.

திவால்

கடைசிக் கதவு. பயமுறுத்தும் பேச்சு இதைப் பற்றித்தான் அதிகம், அதில் பாதி தவறு. திவாலானால் சிறை இல்லை. வேலை செய்யலாம், சம்பளம் வாங்கலாம். இபிஎஃப் கணக்கில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் எடுக்க முடியாது. தொழில் கருவிகளும் உடையும் படுக்கையும் மொத்தம் 5,000 ரிங்கிட் மதிப்பு வரை உங்களிடமே இருக்கும், ஆகவே தச்சரின் ரம்பத்தையும் தையல்காரரின் மெஷினையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நடுங்க வேண்டாம். மற்றச் சொத்தெல்லாம் இலாகாவின் தலைமை இயக்குநரிடம் போய்விடும். வீடு அடமானத்தில் இருந்தால் அந்த வங்கி திவாலோடு சம்பந்தமில்லாமல் ஏலம் விடலாம்.

கட்டுப்பாடுகள் உண்மையானவை. அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போக முடியாது. தாய்லாந்தின் ஹட்யாய் போய் ஒரு நாளில் திரும்புவதும் தமிழ்நாட்டில் நெருங்கிய உறவின் சாவுக்குப் போவதும் இதற்குள் அடங்கும். காரணத்தையும் தேதியையும் காட்டி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். 1,000 ரிங்கிட்டுக்கு மேல் கடன் வாங்கும்போது தான் திவாலானவர் என்று சொல்லாமல் வாங்குவது குற்றம். நிறுவன இயக்குநராக இருக்க முடியாது, அனுமதியில்லாமல் சொந்தத் தொழிலும் நடத்த முடியாது. மகள் பெயரில் கடையைப் போட்டுத் தானே நடத்துவது நம்மிடையே சகஜம், அது பிடிபட்டால் விடுதலை தள்ளிப்போகும்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான தேதி. ஆணை பிறந்து 21 நாளுக்குள் சொத்து, கடன், வருமானம் அடங்கிய விவரப் படிவத்தை இலாகாவில் தாக்கல் செய்ய வேண்டும். தானாகக் கிடைக்கும் மூன்று ஆண்டு விடுதலைக்கான கடிகாரம் ஓடத் தொடங்குவது இந்தத் தாக்கல் நாளிலிருந்து, நீதிமன்ற ஆணை நாளிலிருந்து அல்ல. பயந்து, வெட்கப்பட்டு, ஆறு ஆண்டு இலாகா பக்கமே போகாதவர் ஆறு ஆண்டு முடித்துவிட்டதாக நினைப்பார். அவருடைய கடிகாரம் இன்னும் சுழியத்தில் நிற்கிறது. இதைவிட வருத்தமான தவறு இந்தத் துறையில் இல்லை, இதைவிட எளிதாகத் தவிர்க்கக் கூடியதும் இல்லை.

மூன்று ஆண்டில் வெளியே வர இரண்டு நிபந்தனை. வருமானத்தையும் குடும்பச் செலவையும் பார்த்து இலாகா ஒரு பங்களிப்பு இலக்கை நிர்ணயிக்கும், அதைக் கட்டி முடித்திருக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கை ஒழுங்காகக் கொடுத்து வந்திருக்க வேண்டும். இங்கேயும் ஏகேபிகே படிவத்துக்குச் சொன்னதுதான்: ஆண்டுச் செலவை மறக்காமல் எழுதுங்கள், மருந்துச் செலவுக்கு ரசீது வையுங்கள், வயதான பெற்றோரைப் பராமரித்தால் சொல்லுங்கள். ஆரம்பத்தில் 'சமாளித்துக்கொள்கிறேன்' என்று கூடுதலாக ஒப்புக்கொண்டு பாதியில் நிறுத்துவதைவிடக் குறைவாக ஆனால் நிற்காமல் கட்டுவது மேல். சம்பளம் குறைந்தால் எழுத்தில் தெரிவித்து இலக்கை மறுபரிசீலிக்கக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டண ரசீதையும் தேதி வாரியாக ஒரு பைலில் போட்டு வைத்தால் பிற்பாடு வாக்குவாதம் இருக்காது.

ஐந்து ஆண்டு கடந்தவர் தலைமை இயக்குநரின் சான்றிதழ் வழியாக விடுதலை கேட்கலாம். கடன்காரர் எதிர்க்க முடியாத சில பிரிவுகளும் உண்டு: பதிவு பெற்ற உடற்குறையுள்ளோர், அரசு மருத்துவர் சான்றளித்த கடும் நோயாளிகள், இறந்துபோனவர்கள். 2023 அக்டோபர் 6இல் நடப்புக்கு வந்த திருத்தம் மனநோயால் பாதிக்கப்பட்டவர்களையும், 70 வயதோ அதற்கு மேலோ ஆகிப் பங்களிப்புச் செய்ய இயலாதவர்கள் என்று தலைமை இயக்குநர் கருதுகிறவர்களையும் இதில் சேர்த்தது. வீட்டில் பழைய கடனுக்காகத் திவாலான தாத்தா பாட்டி இருந்தால் யாராவது ஒருவர் இலாகாவுக்கு ஒரு நடை போய் வரலாம். பலருக்கு இந்த மாற்றம் தெரியாது.

ஆணை வரும் முன் செய்யும் இரண்டு காரியம் பெரும்பாலும் வீணாகும். வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவது ஒன்று. மாற்றிய இரண்டு ஆண்டுக்குள் திவாலானால் அந்த மாற்றம் செல்லாது, ஐந்து ஆண்டு வரையிலும் அப்போது கடன் கட்டும் வசதி இருந்தது என்று நிரூபித்தால்தான் தப்பும். மச்சானுக்கு மட்டும் முதலில் கடனைக் கொடுத்துவிடுவது மற்றொன்று. திவால் மனுவுக்கு முந்திய ஆறு மாதத்தில் ஒருவருக்குச் சலுகை காட்டி அடைத்த கடனை இலாகா திருப்பிக் கேட்கலாம். அன்பால் செய்தது அவரையும் அலுவலகத்துக்கு இழுக்கும்.

ஜாமீன் போட்டவர்களுக்கு

உறவினரின் பிள்ளைப் படிப்புக்கோ, அவர் குடியிருக்கும் வீட்டுக்கோ, சொந்த உபயோகக் காருக்கோ லாபநோக்கம் இல்லாமல் கையெழுத்துப் போட்டவர் 'சமூக ஜாமீன்தாரர்'. அவர்மேல் திவால் நடவடிக்கை எடுக்கவே முடியாது. கடனுக்கு வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம், திவால் மட்டும் இல்லை. தொழில் கடனுக்கு ஜாமீன் போட்டவர் இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார். ஆனால் அவரிடம் வரும் முன் கடன் வாங்கியவரிடமிருந்து வசூலிக்க எல்லா வழியையும் முயன்றுவிட்டதாக நீதிமன்றத்தில் காட்டி அனுமதி பெற வேண்டும். திவால் அறிவிப்பு வந்தால் எந்தக் கடனுக்குப் போட்ட கையெழுத்து என்பதைக் கண்டுபிடித்து, ஒப்பந்தத்தின் படியோடு அந்த ஏழு நாளுக்குள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

விடுதலை கிடைத்த பிறகு ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியவை விடுதலையோடு மறைவதில்லை, அவற்றைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விடுதலைக் கடிதத்தைப் பத்துப் படி எடுங்கள். ஒன்றைச் சிடோஸுக்கு அனுப்பிப் பதிவைத் திருத்தச் சொல்லுங்கள், ஒன்றை உங்கள் வங்கிக் கிளைக்குக் கொடுங்கள். விமான டிக்கெட் வாங்கும் முன் குடிநுழைவு இலாகாவின் பயணத் தடைச் சோதனைத் தளத்தில் மைகார்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் இன்னும் தடையில் இருந்தால் கடிதத்தோடு இன்சோல்வென்சி இலாகாவுக்குப் போய் நீக்கச் சொல்லிவிட்டு, தளத்தில் மாறியதைப் பார்த்த பிறகு டிக்கெட்டை எடுங்கள்.